அந்தப் பக்கங்களை யார் எடுத்து வைத்தார்கள்?

2020லும் 2021லும் சேமித்து வைத்த லிங்க்குகள் உங்கள் பிரவுசரில் இன்னும் கிடந்தால் ஒருமுறை திறந்து பாருங்கள். படுக்கை எங்கே காலி, ஆக்சிஜன் யாரிடம் இருக்கிறது என்று முகம் தெரியாத யாரோ நிரப்பிய கூகுள் ஷீட், தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுக்க ஆள் சேர்த்த குழுவின் பக்கம், எந்தத் தெரு அடைக்கப்பட்டிருக்கிறது என்று மணிக்கு மணி மாற்றிக்கொண்டே இருந்த ஒரு கல்லூரி மாணவரின் தளம். சில திறக்கும். பல லிங்க்குகள் அனுமதி இல்லை என்று சொல்லும், இல்லையென்றால் அந்த டொமைனைப் பிறகு வாங்கிய எவரோ நடத்தும் சூதாட்ட விளம்பரத்தில் கொண்டுபோய் விடும்.

இது கோவிட் பக்கங்களுக்கு மட்டும் வந்த கேடு இல்லை. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துக் கிடைக்கவில்லை. ஆனால் சாதாரணமான ஒரு பக்கம் போவதும் பெருந்தொற்றுக் காலத்துப் பக்கம் போவதும் ஒன்றில்லை. அந்த மாதங்களில் நேரில் நடக்க வேண்டிய எல்லாமே திரைக்குள் நடந்தன. கல்யாணம், வகுப்பு, வழிபாடு, துக்கம் விசாரிப்பது, பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடுவதுகூட. முந்தைய கொள்ளைநோய்களில் கடிதமும் நாட்குறிப்பும் பரணில் தப்பிக் கிடந்து பிறகு யார் கைக்காவது வந்தன. இந்த முறை பரணே வேறொருவருடைய சர்வரில் இருக்கிறது, வாடகையும் நாம் கட்டவில்லை.

ஒரு வட்டாரத்தின் கோவிட் காலப் பக்கங்களைச் சேர்த்துவைக்கும் சின்ன முயற்சி ஒன்றில் நானும் கொஞ்ச காலமாகக் கை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அதிலிருந்து எனக்குப் பட்டதைத்தான் எழுதுகிறேன். எண்ணிக்கைகள் பிழைத்துக்கொள்ளும். எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை மரணம், எத்தனை டோஸ் என்ற கணக்கெல்லாம் எங்காவது ஓர் அரசு ஆவணத்திலோ ஆய்வுக் கட்டுரையிலோ ஒட்டிக்கொண்டிருக்கும் (அந்தக் கணக்கு சரியா என்பது தனிக் கதை). அந்தந்த வட்டாரத்து மக்கள் அதை எப்படிக் கடந்தார்கள் என்பதற்கான தடயம்தான் போகிறது. அதை வெளியிலிருந்து வரும் பெரிய காப்பகம் எதுவும் முழுதாகக் காப்பாற்றித் தராது. அந்த வட்டாரத்தைத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து பொறுக்கினால்தான் உண்டு.

எப்படிப் போகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் வில்லன் யாரும் இல்லை. தன்னார்வக் குழு கலைந்துவிடும், டொமைனுக்கு அடுத்த ஆண்டுப் பணம் கட்ட யாரும் இருக்க மாட்டார்கள். ஷீட்டைத் தொடங்கியவர், நூற்றுக்கணக்கானோரின் போன் நம்பர் அதில் இருக்கிறதே என்று பொறுப்போடு அழித்துவிடுவார். அவர் செய்ததைத் தப்பு என்றும் சொல்ல முடியாது. அரசு சுகாதாரத் தளங்கள் நேற்றைய விதியை அதே முகவரியில் இன்றைய விதியால் மாற்றி எழுதிவிடும். மாஸ்க் வேண்டாம் என்ற பக்கமும் மாஸ்க் கட்டாயம் என்ற பக்கமும் ஒரே லிங்க்தான்.

இதுபோக, கம்பெனிகளின் கொள்கை மாற்றங்கள். 2025 பிப்ரவரியில் ஃபேஸ்புக் தன் லைவ் வீடியோக்களை இனி 30 நாள்தான் வைத்திருப்போம், பழையவற்றையும் நீக்கப்போகிறோம், வேண்டுமானால் இறக்கிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தது. அறிவிப்பைத் தொழில்நுட்பச் செய்தியாக எல்லோரும் கடந்து போனார்கள். ஊரடங்கில் எத்தனை இறுதிச் சடங்குகள் ஃபேஸ்புக் லைவில் நடந்தன என்று யோசித்துப் பாருங்கள். நேரில் வர முடியாத மகன், விமானம் கிடைக்காத தங்கை, எல்லோரும் அந்தச் சின்னச் சதுரத்தில்தான் கடைசி முகத்தைப் பார்த்தார்கள். அந்த வீடியோவைப் போட்டது பெரும்பாலும் குடும்பத்தில் கொஞ்சம் போன் தெரிந்த ஒரு பையனாக இருப்பான், அவன் அந்தக் கணக்கையே இப்போது திறப்பதில்லை. எச்சரிக்கை மெயில் போயிருக்கும். யார் பார்த்தது?

இதைவிட எனக்கு உறுத்துவது கூகுளின் 2023ஆம் ஆண்டு அறிவிப்பு. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்று சொன்னார்கள், அந்த ஆண்டு டிசம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. 2021இல் கோவிட்டில் இறந்த ஒருவரின் கணக்கு எப்போதிலிருந்து சும்மா கிடக்கும்? கணக்குப் போட்டால் முதல் வரிசையிலேயே அவர்கள்தான் நிற்பார்கள். மெயில், போட்டோ, டிரைவில் எழுதி வைத்தது எல்லாம். பாஸ்வேர்டு தெரிந்த குடும்பங்கள் அவ்வப்போது உள்ளே போய் வந்தால் தப்பிக்கலாம். தெரியாத குடும்பங்கள் என்ன செய்யும்? இதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பாதுகாப்புக்காகத்தான் செய்கிறோம் என்றார்கள், அந்தக் காரணம் நியாயமானதும்தான். ஆனால் பெருந்தொற்று முடிந்த கையோடு வந்த விதி இது. உலக சுகாதார நிறுவனம் அவசரநிலை முடிந்தது என்று சொன்னது 2023 மே 5. கூகுள் அறிவிப்பு அதே மாதம்.

சரி, எடுத்துவைத்தால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. கசப்பான காலம், போகட்டும் விடு என்பார்கள். அவர்களிடம் நான் இத்தாலியின் பெர்கமோவைச் சொல்வேன். 2020 மார்ச்சில், அந்த மாகாணத்தில் சாவு குவிந்துகொண்டிருந்தபோது, தந்தையை இழந்த ஒருவரும் அவருடைய மகனும் சேர்ந்து ஃபேஸ்புக்கில் ஒரு குழு தொடங்கினார்கள். நோயி தெனுன்செரேமோ, அதாவது நாங்கள் புகார் கொடுப்போம், என்று பெயர். ஆம்புலன்ஸ் வர எத்தனை மணி நேரம், எந்த வார்டு, கடைசியாக என்ன பேசினார், உடல் எங்கே கொண்டுபோகப்பட்டது என்று குடும்பங்கள் அதில் எழுத ஆரம்பித்தன. முதலில் அது ஒப்பாரி வைக்கும் இடமாகத்தான் இருந்தது. அந்த ஆண்டு ஜூன் 10ஆம் தேதி அந்தக் குழுவைச் சேர்ந்த குடும்பங்கள் பெர்கமோ அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் முதல் கட்டமாக 50 புகார்களைக் கொண்டுபோய்க் கொடுத்தன. இரவில் தூக்கம் வராமல் தட்டிய பதிவுகள், சில வாரத்தில் ஒரு விசாரணைக்கான வாக்குமூலங்களாக மாறின. எழுதியவர்களுக்கே அப்போது அது தெரிந்திருக்காது.

வூஹான் இன்னொரு மாதிரி. புது நோயைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்த கண் மருத்துவர் லி வென்லியாங் 2020 பிப்ரவரி 7 அன்று இறந்தார். தனக்குத் தொற்று உறுதியானது என்று பிப்ரவரி 1இல் அவர் வெய்போ என்ற சீனச் சமூக வலைத்தளத்தில் போட்ட கடைசிப் பதிவின் கீழே மக்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள், ஆண்டுக்கணக்கில். பத்து லட்சத்துக்கும் அதிகமான கருத்துகள். இன்று மழை, பரீட்சை சரியாக எழுதவில்லை, வேலை போய்விட்டது, டாக்டர் நீங்கள் நலமா என்று. அதே வூஹானில் அவர் வேலை பார்த்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுத் தலைவர் ஆய் ஃபென் கொடுத்த பேட்டியை 2020 மார்ச் 10 அன்று ஒரு பத்திரிகை வெளியிட, சில மணி நேரத்தில் அது நீக்கப்பட்டது. உடனே மக்கள் அதை எமோஜியில் எழுதினார்கள், மோர்ஸ் குறியீட்டில் எழுதினார்கள், பின்னோக்கி எழுதினார்கள், நீக்கும் இயந்திரத்துக்குப் புரியாத எல்லா வடிவத்திலும் எழுதிப் பரப்பினார்கள். இப்படி நீக்கப்பட்ட கட்டுரைகளைப் பொதுவெளியில் சேமித்துவந்த டெர்மினஸ் 2049 என்ற திட்டத்தின் தன்னார்வலர்கள் இருவர் 2020 ஏப்ரலில் பெய்ஜிங்கில் பிடிக்கப்பட்டு, 2021 ஆகஸ்டில் ஆளுக்குப் பதினைந்து மாதம் சிறைத் தண்டனை பெற்றார்கள். பழைய பக்கத்தை எடுத்து வைப்பது பொழுதுபோகாதவர்கள் வேலை என்று யாராவது சொன்னால் இது எனக்கு நினைவுக்கு வரும். பெரும்பாலான இடங்களில் நமக்கு அந்த ஆபத்து இல்லை, சோம்பல்தான் இருக்கிறது.

பெரிய நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். உலகின் பல தேசிய நூலகங்கள் சேர்ந்த பன்னாட்டு இணையப் பாதுகாப்புக் கூட்டமைப்பு 2020 பிப்ரவரியிலேயே, அதாவது பெருந்தொற்று என்று அறிவிக்கப்படுவதற்கு முன்பே, இணையப் பக்கங்களைச் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்கைவ் நிறுவனத்தோடு சேர்ந்து கொரோனா தொகுப்பைத் தொடங்கிவிட்டது. பொதுமக்களும் லிங்க்குகளைப் பரிந்துரைக்கலாம் என்றது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர்கள் 2020 மார்ச்சில் ஒரு தளம் திறந்து, உங்கள் போட்டோ, மீம், மகளின் ஓவியம், எது வேண்டுமானாலும் நீங்களே ஏற்றுங்கள் என்று உலகத்தையே கேட்டார்கள். பிரேசிலில் இனுமெராவெய்ஸ் என்ற இணைய நினைவிடம், இறந்தவர்களைப் பற்றிக் குடும்பத்திடம் கேட்டு ஓரிரு வரி எழுதியது.

ஆனாலும் ஓட்டை எங்கே விழுகிறது என்றால், பக்கங்களைத் தானாகத் தேடிப்போய்ச் சேமிக்கும் மென்பொருளான க்ராலருக்கு வட்டாரம் தெரியாது. அது ஒரு லிங்க்கிலிருந்து அடுத்த லிங்க்குக்குப் போகும், அவ்வளவுதான். பத்து வரி எழுதி யாரும் லிங்க் கொடுக்காத ஒரு குடியிருப்போர் சங்கத்தின் பக்கம் அதன் கண்ணில் படாது. ஒரு செவிலியர் வேறு பெயரில் எழுதிவந்த வலைப்பூ அவர் யார், எங்கே வேலை செய்தார் என்று தெரிந்த ஒருவர் சொன்னால்தான் இந்த வட்டாரத் தொகுப்பில் சேரும். ஆங்கிலத்தில் இல்லாத பக்கங்களின் நிலை இன்னும் மோசம், தேடலில் மேலே வராது, பரிந்துரைக்கவும் ஆள் இருக்காது. எங்கள் பட்டியலில் உருப்படியான லிங்க்குகள் எல்லாம் யாரோ ஒருவர் டீ குடித்துக்கொண்டு, அப்போ இப்படி ஒரு குழு இருந்துச்சே என்று பேச்சுவாக்கில் சொன்னதிலிருந்து வந்தவை.

தொழில்நுட்பத்தில் ஒரு தொல்லையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இதில் ஏமாறுகிறார்கள். இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷின் தளத்தில் போய் லிங்க்கைப் போட்டுச் சேமித்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறோம். சாதாரணப் பக்கத்துக்கு அது போதும். தொற்று எண்களைக் காட்டும் டேஷ்போர்டு என்றால் போதாது. வரைபடமும் எண்களும் பக்கத்திலேயே இருப்பதில்லை, நீங்கள் சொடுக்கும்போது வேறொரு சர்வரிலிருந்து வந்து விழுகின்றன. க்ராலர் சட்டகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடும். பிறகு திறந்தால் தலைப்பு இருக்கும், நடுவில் சாம்பல் நிறப் பெட்டி இருக்கும், எண் இருக்காது. இதற்கு ஆர்கைவ்வெப்.பேஜ் மாதிரியான இலவசக் கருவிகள் இருக்கின்றன. நீங்கள் பிரவுசரில் சொடுக்கிச் சொடுக்கிப் பார்ப்பதை அப்படியே பதிவு செய்துகொள்ளும், வார்க் என்ற வடிவத்தில் கோப்பாகவும் கொடுக்கும். அந்த வடிவம் ஐஎஸ்ஓ 28500 என்ற தரநிலையாக இருப்பதால் நாளைக்கு வேறு மென்பொருளிலும் திறக்கலாம். அதுவும் முடியாவிட்டால் தேதி தெரிகிற மாதிரி முழுப் பக்க ஸ்கிரீன்ஷாட், கூடவே தரவுக் கோப்பு கிடைத்தால் அது. அமெரிக்காவில் மாநிலங்களின் கோவிட் எண்களைத் தொகுத்த கோவிட் டிராக்கிங் புராஜெக்ட் தன்னார்வலர்கள் 2021 மார்ச் 7 வரை மாநிலங்களின் பக்கங்களைத் திரும்பத் திரும்ப ஸ்கிரீன்ஷாட் எடுத்தே வைத்திருந்தார்கள். எந்த நாளில் எந்த மாநிலம் எந்த எண்ணைத் திருத்தியது என்பதற்கு அதைவிட எளிய சாட்சி வேண்டுமா?

உண்மையான சிக்கல் வாட்சப்பில் இருக்கிறது. ஒரு பகுதியின் பெருந்தொற்று அனுபவத்தில் முக்கால்வாசி அங்கேதான் நடந்தது என்பேன். அங்கே எந்தக் க்ராலரும் நுழைய முடியாது, நுழையவும் கூடாது. குழுவிலிருந்து எக்ஸ்போர்ட் சாட் கொடுத்தால் உரையாடல் பெரும்பாலும் டெக்ஸ்ட் கோப்பாகக் கைக்கு வந்துவிடும், அவ்வளவு சுலபம். சுலபம் என்பதுதான் பயமே. அதில் இருக்கும் இருநூறு பேரில் யாரும் இதைக் காப்பகத்துக்காக எழுதவில்லை. ஒருவர் தன் மனைவியின் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் போட்டிருப்பார், இன்னொருவர் கடன் கேட்டிருப்பார், வேறொருவர் பக்கத்து வீட்டில் பாசிட்டிவ் வந்த குடும்பத்தை வெளியேற்ற வேண்டும் என்று எழுதியிருப்பார், இப்போது அந்தக் குடும்பத்தோடு நல்ல நட்பில் இருப்பார்.

இதில் என் நிலைப்பாடு கொஞ்சம் கறார். அட்மின் சரி என்றால் போதாது, எழுதியவரிடம் கேட்க வேண்டும். குழு முழுவதும் கேட்க முடியாவிட்டால், சம்மதித்தவர்கள் எழுதியதை மட்டும் எடுக்க வேண்டும், மற்றவர்களின் வரி வரும் இடத்தில் இடைவெளி விட வேண்டும். ஓட்டை ஓட்டையாகத்தான் இருக்கும், இருக்கட்டும். போன் நம்பர், முகவரி, நோய் விவரம் மூன்றையும் நீக்கிய பிரதி ஒன்று பொதுவுக்கு, மூலப் பிரதி பூட்டில். குழந்தைகள் பெயர் எங்குமே வேண்டாம். நீக்கச் சொல்லி யாராவது எப்போது வந்து கேட்டாலும் காரணம் கேட்காமல் நீக்க வேண்டும். வரலாற்று ஆய்வாளர் ஒருவர் என்னிடம் இதற்காகச் சலித்துக்கொண்டார், இப்படி வடிகட்டினால் நாளைக்கு எங்களுக்கு என்ன மிச்சம் என்றார். அவர் கவலை புரிகிறது. ஆனால் ஒருவர் மூச்சுத் திணறிக்கொண்டு தட்டிய வரியை அவருக்குத் தெரியாமல் எடுத்து வைப்பதற்கு எதிர்கால ஆய்வு என்ற காரணம் எனக்குப் போதவில்லை. ஐரோப்பியத் தரவுச் சட்டம் பொதுநலக் காப்பகங்களுக்குச் சில விலக்குகள் தருகிறது, உண்மைதான், அப்படி ஒரு விலக்கு இருக்கிறது என்பதற்காகவே அதைப் பயன்படுத்தியாக வேண்டும் என்றில்லை.

வதந்திகளை என்ன செய்வது என்பதில் நான் எதிர்ப்பக்கம் நிற்பேன். அதையும் வைக்க வேண்டும். வெந்நீர் ஆவி, பூண்டு, 5ஜி கோபுரம், தடுப்பூசியில் சிப், ஒரு குறிப்பிட்ட மதத்தவர்தான் பரப்புகிறார்கள் என்ற விஷம், எல்லாம். இவற்றை வெட்டிவிட்டு வெறும் உதவிக் கரங்களை மட்டும் சேர்த்தால் நாங்கள் எல்லோரும் எவ்வளவு நல்லவர்கள் என்று ஒரு ஆல்பம் கிடைக்கும். யார் யாரை ஒதுக்கினார்கள், யார் வீட்டுக்கு யாரும் போகவில்லை என்பது அதில் தெரியாது. எந்தப் பொய் எந்த வாரத்தில் எந்தக் குழுவில் சுற்றியது என்ற குறிப்போடு, தவறான தகவல் என்ற அடையாளத்தோடு, தனி அறையில் வைத்துவிட்டுப் போகலாம்.

அடுத்தது குறிப்பு எழுதுவது. இதில் யாருக்கும் ஆர்வம் இல்லை, எனக்கும் சலிப்புத்தான், ஆனால் மொத்தத் தொகுப்பும் இதில்தான் நிற்கிறது. ஒரு போட்டோ: காலியான சாலை, நடுவில் ஒரு நாற்காலி. என்ன இது? அந்தத் தெருக்காரர் சொன்னால்தான் தெரியும், நோய் வந்தவர் வீட்டுக்குப் பொருள் வைப்பதற்காகப் போட்ட நாற்காலி, கொடுப்பவரும் எடுப்பவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க. இந்த ஒரு வரி இல்லாவிட்டால் அது வெறும் நாற்காலி. யார் எடுத்தது, எந்த மாதம், அப்போது எந்தக் கட்டுப்பாடு அமலில் இருந்தது, முதல் அலையா இரண்டாம் அலையா. வாட்சப்பில் ஐம்பது முறை ஃபார்வர்டான படத்தின் உள்ளே எடுத்த தேதி இருக்காது, அனுப்பும்போதே அது உதிர்ந்துவிடுகிறது. ஆகவே மூலக் கோப்பு யார் போனில் இருக்கிறதோ அவரைத் தேடிப் போக வேண்டும். குரல் பதிவுகளுக்கு இன்னும் அதிக வேலை, கேட்டு எழுத வேண்டும், அந்த வட்டாரப் பேச்சு தெரிந்தவர்தான் எழுத வேண்டும்.

இணையத்துக்கே வராதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடந்தே ஊர் போன தொழிலாளி, வீட்டு வேலை போன பெண், ஒரே போனை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றி வகுப்புக்கு வைத்துக்கொண்ட வீடு. இவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியது நிறையக் கிடைக்கும், அவர்கள் எழுதியது கிடைக்காது. இணையப் பக்கங்களைச் சேர்த்துவிட்டு இதுதான் இந்தப் பகுதியின் அனுபவம் என்று தலைப்பு வைத்தால் அது பொய். போய் உட்கார்ந்து கேட்டுப் பதிவு செய்து, அதைத் தொகுப்பில் சேர்த்தால் கொஞ்சம் சரியாகும். ஆண்டுகள் போகப் போக ஆட்கள் நாள், தேதி மறந்துவிடுகிறார்கள், முதல் ஊரடங்கையும் இரண்டாவதையும் குழப்பிக்கொள்கிறார்கள். அதனால் நாங்கள் பேட்டிக்குப் போகும்போது அந்த வாரத்து ஸ்கிரீன்ஷாட்டுகளைக் கையோடு கொண்டுபோகிறோம். பார்த்ததும் பேச்சு தானாக வருகிறது.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த சைபர் தாக்குதலில் அங்கிருந்த இணையக் காப்பகமும் சேர்ந்து முடங்கியது. 2024 அக்டோபரில் இன்டர்நெட் ஆர்கைவே தாக்கப்பட்டுச் சில நாள் மூடிக் கிடந்தது. இரண்டு இடத்திலும் சேமித்தது அழியவில்லை, ஆனால் வேண்டிய நேரத்தில் திறக்க முடியவில்லை. ஒரு பிரதி வேபேக்கில், ஒரு பிரதி உங்கள் பகுதி நூலகத்திலோ கல்லூரியிலோ, ஒன்று யாராவது ஒருவர் வீட்டு ஹார்ட் டிஸ்க்கில். டிஸ்க்கை ஆண்டுக்கு ஒருமுறை செருகித் திறக்கிறதா என்று பார்க்க ஒரு ஆளை நியமியுங்கள். பெயர் சொல்லி நியமியுங்கள், எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

எங்கே தொடங்குவது என்று மெயிலில் கேட்டிருந்த இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். முதலில் இறந்தவர்களின் கூகுள் கணக்குகளையும், நீக்கப்படாமல் மிஞ்சிய ஃபேஸ்புக் லைவ்கள் இருந்தால் அவற்றையும் பாருங்கள், அவை எப்போது வேண்டுமானாலும் போய்விடலாம். அந்தக் குடும்பங்களுக்குப் போன் செய்து, காப்பகத்துக்குத் தர வேண்டாம், முதலில் உங்களுக்காக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள், எப்படி இறக்குவது என்று கூடவே உட்கார்ந்து காட்டிக்கொடுங்கள். அரசுத் தளங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.